கார்க் கதவை ஸ்பீக்கர் பெட்டியாக்குவது

நல்ல விலை கொடுத்துக் காம்பொனென்ட் ஸ்பீக்கர் வாங்கி மாட்டிவிட்டு, "பழசுக்கும் இதுக்கும் பெரிசா வித்தியாசம் தெரியலையே" என்று குறைப்படுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் குற்றம் இருக்காது. வீட்டு ஸ்பீக்கருக்குக் கம்பெனியே அளந்து செய்த மரப்பெட்டி உண்டு. காரில் அந்தப் பெட்டியின் வேலையை முன்கதவு செய்ய வேண்டும். அதுவோ மெல்லிய தகரம். உட்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். நடுவில் ஏறி இறங்கும் கண்ணாடி. அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகள். அந்தக் கதவை அப்படியே விட்டுவிட்டு உலகத்திலேயே உயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் தவிலின் தொப்பிப் பக்கம் அட்டையைத் தட்டுவதுபோலத்தான் கேட்கும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இந்த வேலையைச் செய்பவர்கள் கூடுதலாகச் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெயில், செம்மண் புழுதி, ஐப்பசி கார்த்திகை மழை. இவற்றோடு, சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீட்டுக்காரர் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வரும்போது மட்டும் எடுக்கிற, மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கிற கார்கள் இங்கே அதிகம். கார் ஆடியோவுக்கென்றே இருக்கும் பெரிய கடையைத் தேடித் திருச்சிக்கோ மதுரைக்கோ போனால் ஒரு வழிக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரு ஸ்க்ரூ தளர்ந்தது என்பதற்காக மறுபடி போய் வர முடியாது. எந்த வேலையைக் கடையில் கொடுப்பது, எதை நாமே செய்வது என்று தெரிந்திருப்பது நல்லது. கதவு வேலையைப் பொறுமையுள்ள எவரும் வீட்டிலேயே செய்யலாம்.

எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது

கோஆக்சியல் என்று கடையில் சொல்லும் ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர், தாழ்ந்த ஒலி தரும் வூஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். அதாவது உங்கள் முழங்காலுக்கும் கீழே. உயர்ந்த ஒலி நேர்கோட்டில் போகிற சுபாவம் கொண்டது. காலடியில் பிறந்தால் சீட்டும் தொடையும் பாதியைத் தின்றுவிடும். காம்பொனென்டில் வூஃபர் கதவிலேயே இருக்கும், ட்வீட்டர் மட்டும் தனியாக மேலே வரும், இரண்டுக்கும் ஒலியைப் பங்கு போட்டுக் கொடுக்க ஒரு கிராஸ்ஓவர் பெட்டி இருக்கும். பாடுபவர் டாஷ்போர்டுக்கு மேலே நின்று பாடுவதுபோல் தோன்ற வைப்பது இந்தப் பிரிவினைதான்.

நம் ஊரில் ஓடும் கார்களில் பலவற்றுக்கு முன்கதவில் 6.5 அங்குல வூஃபர் பொருந்தும். ஆனால் "இந்தக் காருக்கு இது பொருந்தும்" என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஆழத்தை அளந்து பாருங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகர விளிம்பிலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். 55 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, ஸ்பீக்கரின் ஆழம் 68 என்றால், ஸ்பீக்கரைத் தகரத்திலிருந்து தள்ளி நிறுத்தும் 18 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் போட்டால் 73 கிடைக்கும். 5 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதே சமயம் ஸ்பீக்கர் அந்த 18 மில்லிமீட்டர் முன்னால் வந்துவிடும். கதவின் உட்பக்க உறையான டோர் பேடின் ஜாலிக்கும் ஸ்பீக்கரின் கோனுக்கும் நடுவே குறைந்தது 10 மில்லிமீட்டராவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பாஸ் அடிக்கும்போது ரப்பர் விளிம்பு ஜாலியில் போய் முட்டும்.

கோனின் சுற்று ரப்பராக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் சுற்று நம் வெயிலில் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். காகிதக் கோன் என்றால் தண்ணீர் தாங்கும் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 300 வாட், 400 வாட் எதற்கும் உதவாது. தொடர்ந்து தாங்கும் வாட்டைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்று சின்னதாகப் போட்டிருக்கும் எண்; அதைப் பாருங்கள். 60 முதல் 80 வரை இருந்தால் ஒரு காருக்குத் தாராளம்.

பட்ஜெட்டைப் பற்றி என் கருத்து இது: மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போய்விட்டால் கணக்கு எங்கோ தவறிவிட்டது என்று அர்த்தம். மீதியில் தகரத்தின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட், ஸ்பேசர், ஒலியைப் பெருக்கும் ஆம்ப், வயர் எல்லாம் வர வேண்டும். ஹெட் யூனிட்டின், அதாவது டாஷ்போர்டில் உள்ள பாட்டுப் பெட்டியின், உள்ளே இருக்கும் ஆம்ப் ஒரு சேனலுக்கு உண்மையில் 20 வாட் அளவில்தான் கொடுக்கும், வெளியே 50 என்று எழுதியிருந்தாலும். அதோடு ஓட்டிக் கொஞ்ச காலம் கேட்கலாம். ஆனால் சேனலுக்கு 60 வாட் ஆர்.எம்.எஸ். கொடுக்கும் சிறிய 4 சேனல் ஆம்ப் ஒன்று சேர்ந்தால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராகிவிடும்.

கதவு

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். பவர் விண்டோ உள்ள காரில் கழற்றுவதற்கு முன்பே கண்ணாடியை வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். டோர் பேடைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கைப்பிடிக் குழிக்குள்ளும், கதவு திறக்கும் லீவருக்குப் பின்னாலும், சின்ன மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு அடியிலிருந்து பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்து, கடைசியில் பேடை மேலே தூக்கி எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும். கிளிப் சில உடையத்தான் செய்யும். கதவுக்கு 5 வீதம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உடைந்த கிளிப்போடு மூடிய பேட் பிறகு பாஸுக்கு ஏற்ப டரடரவென்று தாளம் போடும்.

உள்ளே பாலிதீன் தாள் ஒன்று கருப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதைத் தேவையில்லாத தாள் என்று கிழித்து எறிந்துவிடுபவர்கள் உண்டு. மழைத்தண்ணீர் கண்ணாடியின் ரப்பர் ஓரம் வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். அதை எடுத்தால் அதன் வேலையை டேம்பிங் ஷீட் முழுமையாகச் செய்தாக வேண்டும்.

வெளித் தகரத்தின் உட்பக்கம்தான் முதல் வேலை. செம்மண் புழுதி படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, தின்னர் நனைத்த துணியால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். பெட்ரோலால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும்; ஷீட் ஒட்டாது. டேம்பிங் ஷீட்டாக, ஒரு பக்கம் அலுமினியம் உள்ள 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட்டைத் துண்டுகளாக வெட்டி ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அலுமினியப் பரப்பில் உள்ள புடைப்புக் கோலம் மறைகிறவரை அழுத்தம் கொடுக்க வேண்டும். குளிர் நாட்டு வீடியோக்களில் ஷீட்டை ஹீட் கன்னால் சூடாக்குவார்கள். நமக்கு அது வேண்டியதே இல்லை. மாறாக, நண்பகல் வெயிலில் ஷீட் குழைந்து கையோடு வரும். காலை 10 மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம்.

வெளித் தகரம் முழுவதையும் மூட வேண்டும் என்பதில்லை. நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மூடினாலே தகரத்தின் கணகணப்பு நின்றுவிடும். விரலால் தட்டிப் பாருங்கள், டங் என்பது டப் என்று மாறினால் சரி. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள இடத்தில் மட்டும் ஒரு அடுக்கு கூடுதலாக ஒட்டுங்கள்.

விலை குறைவு என்று கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டைக் கதவுக்குப் போடுகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. சித்திரை வெயிலில் நிற்கும் காரின் கதவுத் தகரம் கை வைக்க முடியாத அளவு சுடும். அந்தச் சூட்டில் தார் இளகி வழுக்கிக் கீழே இறங்கி, வடிகால் துளையை அடைத்து, கண்ணாடித் தண்டவாளத்தில் ஒட்டிக்கொள்ளும். கார் முழுக்கத் தார் நாற்றம் வேறு. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து உட்பக்கத் தகரம். பலர் விட்டுவிடுகிற, ஆனால் பாஸுக்கு உயிராக இருக்கிற வேலை இதுதான். கோன் முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. கதவின் பெரிய ஓட்டைகள் திறந்திருந்தால் அழுந்திய காற்று சுற்றிப்போய்த் தளர்ந்த காற்றோடு கலந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அலைநீளம் அதிகமுள்ள தாழ்ந்த ஒலிதான் இதில் முதலில் காணாமல் போகும். பாஸ் வரவில்லை என்று ஹெட் யூனிட்டில் பாஸைக் கூட்டினால் கோன் இன்னும் வேகமாகக் குதிக்கும், ஒலி வராது. ஆகவே ஓட்டைகளை மூட வேண்டும். சின்னவற்றுக்கு பியூட்டைல் ஷீட் மட்டுமே போதும். பெரியவற்றுக்கு 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை ஓட்டையைவிடச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, ஸ்க்ரூ போட்டு, அதன்மேல் ஷீட் ஒட்டலாம். விண்டோ மோட்டார் இருக்கிற ஓட்டைக்கு ஸ்க்ரூ கழற்றும் வசதி கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் நாளைக்கு மோட்டார் பழுதானால் ஷீட்டை எல்லாம் கிழிக்க வேண்டி வரும்.

மூடுவதற்கு முன் ஒன்று. சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கும். மோதலில் கதவுக்குள் காற்றழுத்தம் சட்டென்று மாறுவதை அது கவனிக்கிறது. அப்படிப்பட்ட கதவில் ஓட்டைகளை இறுக்கமாக மூடுவது அதன் வேலையில் தலையிடக்கூடும். கதவுக்குள் உணரி தென்பட்டால் வெளித் தகரத்துக்கு மட்டும் ஷீட் ஒட்டிவிட்டு, உட்பக்கத்துக்குக் கம்பெனித் தாளையே திரும்ப ஒட்டுங்கள்.

இரண்டு முன்கதவுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 சதுர மீட்டர் ஷீட் பிடிக்கும். கதவுக்கு 3 கிலோ கூடும். கீல் அதைத் தாங்கும். அடியிலுள்ள வடிகால் துளைகள் மேல் ஷீட் ஒட்டவே கூடாது. முடித்ததும் கண்ணாடி ஓரமாக ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது அடியில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். தேங்கினால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். லாக் கம்பிகளுக்குத் துணி டேப் சுற்றுங்கள். பேடின் பின்பக்கத்துக்கு தண்ணீரை உறிஞ்சாத 6 மில்லிமீட்டர் மூடிய துளை ஃபோம் ஒட்டலாம். மெத்தைக்குப் போடும் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஆகாது.

ஸ்பேசர் வளையத்துக்குச் சாதாரண எம்.டி.எஃப். பலகை ஒரு மழைக்காலம் தாங்காது. ஊறி உப்பி ஸ்க்ரூவை விட்டுவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் வளையம் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் மரைன் பிளைவுட்டில் வெட்டி, வெட்டு முனைகள் உட்பட எல்லாப் பக்கமும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்துப் பொருத்தலாம். தகரத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் ஃபோம் டேப், வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இன்னொரு ஃபோம் டேப். ஸ்க்ரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினால்தான் ஸ்பீக்கர் சட்டம் கோணாது. கடைசியாக, ஸ்பீக்கரின் முன் விளிம்பைச் சுற்றி, பேடின் ஜாலியைத் தொடும் உயரத்துக்கு ஒரு ஃபோம் வளையம் ஒட்டுங்கள். இந்தச் சின்ன வேலை பெரிய பலன் தரும். அது இல்லாவிட்டால் ஒலியில் ஒரு பகுதி பேடுக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து பிளாஸ்டிக்கை உலுக்கிக்கொண்டிருக்கும்.

ட்வீட்டரும் கிராஸ்ஓவரும்

ட்வீட்டருக்கு மூன்று இடங்கள் உண்டு: சைடு மிரருக்கு உட்பக்க முக்கோணம், முன்கண்ணாடித் தூண், டாஷ்போர்டு. என் தேர்வு எப்போதும் முக்கோணம். வூஃபருக்குப் பக்கம், கம்பெனியே பல கார்களில் இடம் விட்டிருக்கும். தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அங்கே துளை போடக் கூடாது, எதையும் ஒட்டவும் கூடாது. விபத்தில் திரை ஏர்பேக் விரியும்போது ட்வீட்டர் முகத்தை நோக்கிப் பறக்கும். டாஷ்போர்டில் வைத்தால் ஒலி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, நேர் ஒலியோடு சேர்ந்து இரைச்சலாகும். முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்து வழவழவென்று தேய்த்த செட்டிநாட்டு வீட்டு வளவுச் சுவருக்குப் பக்கத்தில் நின்று பேசினால் குரல் எப்படி மின்னுகிறதோ, அந்த மினுக்கு காருக்குள் வந்துவிடும். அரைமணி நேரத்தில் காது வலிக்கும்.

டாஷ்போர்டு வெயிலில் இருபக்க டேப் இளகி ட்வீட்டர் கழன்று தொங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதாக இருந்தாலும் ஒரு ஸ்க்ரூவாவது பிடித்திருக்க வேண்டும். ட்வீட்டரை ஓட்டுநரின் காதுக்கு நேராகத் திருப்பினால் வலப்பக்க ட்வீட்டர் மட்டுமே கேட்கும். இரண்டையும் நடுவிலுள்ள ரியர் வியூ மிரரை நோக்கித் திருப்பி, டேப்பில் தற்காலிகமாக நிறுத்தி, ஒரு நாள் கேட்டுவிட்டு நிரந்தரமாக்குங்கள்.

கிராஸ்ஓவர் பெட்டியைக் கதவுக்குள் போடக் கூடாது. அதில் இருப்பவை கெப்பாசிட்டரும் காயிலும்; ஈரம் பட்டால் சாலிடர் கருத்துவிடும். டாஷ்போர்டுக்கு அடியில், காலுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வைத்துக் கட்டுங்கள். ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு ஜம்பர் இருக்கும். அதை 0 டெசிபலில் தொடங்கி, கூச்சமாக இருந்தால் மைனஸ் 3-க்கு மாற்றலாம்.

கிராஸ்ஓவர் எண் ஏன் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது என்றால், 6.5 அங்குல வூஃபரின் அசையும் பகுதி ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் விட்டம். 2.6 கிலோஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமும் அதே 13 சென்டிமீட்டர். அதற்குமேல் வூஃபரின் ஒலி டார்ச் வெளிச்சமாகக் குறுகி நேராகக் கால்களை நோக்கிப் போகும். மறுபக்கம், ட்வீட்டரின் இயல்பதிர்வு எண்ணுக்கு இரண்டு மடங்குக்குக் கீழே அதை இறக்கினால் அது கருகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் கிராஸ்ஓவருக்கு இடம்.

வயர், எர்த், எலி

கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் பெல்லோ வழியாகப் புது வயர் இழுக்க முடியாத கார்கள் உண்டு. அங்கே வயர்களை இணைக்கும் கப்ளர் இருக்கும். அதைத் துளைக்கச் சொல்லிக் கடையில் யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். கம்பெனி வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் என்று வைத்தாலும், போக வர 4 மீட்டருக்கு ஏறக்குறைய 0.14 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது 0.3 டெசிபல், காது அதை உணராது. கதவுக்கு வெளியே மட்டும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டுக்கொள்ளலாம். கடையில் கொடுத்தால் முதலிலேயே, "அண்ணே, ஒரிஜினல் வயரை வெட்டாம கப்ளர் போட்டே குடுத்துருங்க" என்று சொல்லிவிடுங்கள். வாரண்டிக்கும் அதுவே பாதுகாப்பு.

ஆம்புக்கான மெயின் வயர் வேறு கதை. 4 சேனலுக்கு 60 வாட் வீதம் 240 வாட். கிளாஸ் டி ஆம்ப் என்றால் உச்சத்தில் 22 ஆம்பியர் அளவு இழுக்கும், கிளாஸ் ஏபி என்றால் 29. 8 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு 5 மீட்டர் போதும். பிரச்சினை என்னவென்றால், கிட் என்று பாக்கெட்டில் வரும் வயர்களில் பல, அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசியவை. மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அந்த வயரின் முனை ஈரத்தில் செம்பு லக்கோடு சேரும் இடத்தில் அரித்துப் பொடியாகும். உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின் வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. இரு வேறு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குப் புதிய பாடமில்லை. வெல்டிங் கடையில் கிடைக்கும் 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் நல்ல மாற்று. அதிலும் அலுமினிய வகை உண்டு, சுரண்டிப் பார்த்தே வாங்குங்கள்.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஆம்பைக் காக்கும். பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ், இடையில் ஓடும் வயரைக் காக்கும். வாரக்கணக்கில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் எலி குடியேறுவது இங்கே சாதாரணம். அது வயரின் தோலைக் கடித்துச் செம்பு பாடியைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத வயர் நேராகத் தீயாகும். 8 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ். பானெட்டுக்குள் ஓடும் நீளம் முழுவதும் நெளிவுப் பிளாஸ்டிக் குழாய். எஞ்சினுக்கும் காரின் உட்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரான ஃபயர்வாலில் தகர விளிம்பு படாமல் ரப்பர் கிராமெட்.

எர்த் வயர் 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், தடிமன் மெயின் வயருக்குச் சமம். பெயிண்டை வெள்ளைத் தகரம் தெரியச் சுரண்டி, லக்கு, ஸ்டார் வாஷர், போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உயிரைக் காக்கும் போல்ட் அது, அதைத் தொட வேண்டாம்.

ரிமோட் வயர் என்கிற நீல வயர் ஹெட் யூனிட் ஆன் ஆகும்போது மட்டும் ஆம்பை எழுப்பும். அதை எப்போதும் கரண்ட் வரும் சிவப்பு லைனில் சேர்த்துவிட்டால் ஆம்ப் ராத்திரி பகலாக விழித்திருக்கும். சும்மா இருந்தாலே ஒரு ஆம்பியர் வரை குடிக்கும் ஆம்புகள் உண்டு. 40 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு நாளில் காலி. திருவிழாவுக்கு வந்து சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

ஆம்பைப் பயணி சீட்டுக்கு அடியில் வைப்பது வசதி. ஆனால் வாட்டர் சர்வீஸில் தரைக் கார்பெட்டில் தண்ணீர் பீச்சுவார்கள், ஏ.சி. தண்ணீரும் சில சமயம் அங்கே வழியும். 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத் தகட்டின்மேல் ஏற்றி வையுங்கள். ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயர் காரின் ஒரு பக்கமும் மெயின் வயர் மறுபக்கமும் வரட்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் கேட்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள், பிறகு ஆம்ப் பக்கம் ஆர்.சி.ஏ.-வைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கியதும் விசில் நின்றால் பழுது ஹெட் யூனிட் பக்கம். காரணத்தைத் தேடாமல் நடுவில் ஐசொலேட்டர் டப்பா மாட்டுவது பாஸையும் சேர்த்துக் குறைக்கும்.

சுருதி சேர்ப்பது

முதலில் போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ் சரியாக இருக்கிறதா என்பது. வூஃபரின் வயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால், பிளஸ் சரியாக இருந்தால் கோன் வெளியே வரும். இதை கிராஸ்ஓவருக்குப் பின்னால் வூஃபரில் மட்டும் செய்யுங்கள், ட்வீட்டரை இப்படிச் சோதிக்க வேண்டாம். ஒரு கதவு மட்டும் தலைகீழாக இருந்தால் பாஸ் கரைந்துவிடும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

பிறகு கெய்ன், அதாவது ஹெட் யூனிட்டின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் குமிழ். அது வால்யூம் குமிழ் என்று நினைத்து முழுக்கத் திருப்புவதுதான் ட்வீட்டர்கள் கருகுவதற்கு முதல் காரணம். ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஹெட் யூனிட்டில் லௌட்னஸ், பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்து, வால்யூமை 40-க்கு 30 அளவில் வையுங்கள். 0 டெசிபல் அளவில் பதிந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியை யு.எஸ்.பி.யிலிருந்து போடுங்கள், விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது. ஆம்பின் ஃபில்டரையும் அணைத்துவிட்டு, ஏ.சி. வோல்ட்டில் அளந்துகொண்டே கெய்னை மெல்லத் திருப்புங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் கிடைக்கும். 60 வாட், 4 ஓம் என்றால் 15.5 வோல்ட், 50 வாட் என்றால் 14.1. அங்கே நிறுத்தி, குமிழ்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபர் இல்லாதவர்கள் 60 வரை இறங்கலாம், அதற்குக் கீழே கதவு ஸ்பீக்கரிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

ஒலியை டிஜிட்டலாகச் சீர்ப்படுத்தும் டி.எஸ்.பி. உள்ளவர்களுக்கு அடுத்தது டைம் அலைன்மென்ட். நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். வலக்கதவு பக்கத்திலும் இடக்கதவு தூரத்திலும் இருக்கிறது. பக்கத்து ஒலி முந்தி வருவதால் பாட்டு முழுக்க வலப்பக்கம் சாய்கிறது. முந்துவதைத் தாமதப்படுத்தினால் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். அமெரிக்க வீடியோக்களில் ஸ்டியரிங் இடப்பக்கம், அவர்கள் சொல்லும் எண்களை அப்படியே போட்டால் கோளாறு இரட்டிப்பாகும். டேப்பால் மூக்கு நுனியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக இட வூஃபர் 140, இட ட்வீட்டர் 125, வல வூஃபர் 95, வல ட்வீட்டர் 85 சென்டிமீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு மில்லிநொடிக்கு 34.9 சென்டிமீட்டர் போகும். தூரத்தில் இருக்கும் இட வூஃபருக்குத் தாமதம் 0. மற்றவற்றுக்கு வித்தியாசத்தை 34.9 ஆல் வகுக்க, இட ட்வீட்டர் 0.43, வல வூஃபர் 1.29, வல ட்வீட்டர் 1.58 மில்லிநொடி. வெயில் 40-க்குப் போனாலும் இந்த எண்கள் நூற்றில் இரண்டு பங்குகூட மாறாது, கவலை வேண்டாம்.

டி.எஸ்.பி.யில் கிராஸ்ஓவரையும் அதிலேயே வைப்பதானால், இரு பக்கமும் 3.15 கிலோஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு என்று தொடங்கலாம். ட்வீட்டரை இணைக்கும் முன் அந்த ஃபில்டர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; தவறான சேனலில் ஒரு நொடி பாஸ் போனால் போதும். பிறகு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள பிங்க் நாய்ஸ் என்னும் சோதனை இரைச்சலைப் போட்டு ட்வீட்டரின் போலாரிட்டியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது நிறைவாகவும் உரக்கவும் கேட்கிறதோ அதுவே சரி, வயரின் நிறம் என்ன சொன்னாலும்.

ஈக்வலைசரை இதற்கெல்லாம் பிறகுதான் தொட வேண்டும். கண்ணாடிகளை மூடி, எஞ்சினையும் ஏ.சி.யையும் நிறுத்தி, பிங்க் நாய்ஸ் போட்டு, மைக்கைத் தலை இருக்கும் இடத்தைச் சுற்றி மெல்ல நகர்த்தி அளக்க வேண்டும். யு.எஸ்.பி. அளவு மைக் இருந்தால் நல்லது. போன் மைக்கில் பாஸை நம்பாதீர்கள், நடு ஒலிக்குப் பரவாயில்லை. துருத்திக்கொண்டிருப்பதை 2 முதல் 4 டெசிபல் குறையுங்கள். பள்ளத்தைக் கூட்டி நிரப்பப் பார்க்காதீர்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒலி நேர் ஒலியை அழிப்பதால் வந்த பள்ளம் அது, எத்தனை வாட் ஊற்றினாலும் நிரம்பாது. கோடு தட்டையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 60 ஹெர்ட்ஸ் பக்கம் 6 முதல் 9 டெசிபல் உயர்ந்து, மேலே போகப் போக மெல்லச் சரியும் கோடுதான் ஓடும் காரில் இயல்பாகக் கேட்கும். திருமயம் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் இரைச்சல் தாழ்ந்த ஒலியைத்தான் முதலில் மூடும்.

காதால் சோதிக்க நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த கருவி மங்கல இசைதான். தவிலின் தொப்பியில் குச்சி விழும் அடி வூஃபரின் வேலை. வலந்தலையில் விரல்கூடுகள் தெறிக்கும் ஒலி வூஃபரும் ட்வீட்டரும் கைமாறும் இடம் வரை போகும். இரண்டும் ஒரே தவிலிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். அடி காலடியிலும் தெறிப்பு கண்ணாடி மூலையிலும் தனித்தனியாகக் கேட்டால் கிராஸ்ஓவர் மட்டமும் தாமதமும் இன்னும் சேரவில்லை. நாகசுரம் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது காதைக் கிழித்தால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள். மிக அதிகமாகக் குறைத்தால் சீவாளியின் உயிர் போய்விடும், அந்த எல்லையைக் காதுதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும்: பழைய கேசட்டிலிருந்து மாற்றிய கோயில் பாட்டுகளை வைத்து ட்வீட்டர் அளவைத் தீர்மானிக்காதீர்கள். அவற்றில் உயர்ந்த ஒலியே மிச்சமில்லை. அதற்கு ஏற்பக் கூட்டினால் நல்ல பதிவு கூசும்.

எல்லாம் முடிந்ததும் 40 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியைப் போட்டு, எங்கே டரடரக்கிறது என்று கையால் அழுத்தித் தேடுங்கள். கதவுப் பையில் கிடக்கும் சில்லறைக் காசு, நம்பர் பிளேட், சன் வைசர் என்று பல இடங்களில் மாட்டும்.

இரண்டு மாதம் ஓடிய பிறகு ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களையும் எர்த் போல்ட்டையும் ஒரு முறை இறுக்குங்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒரு கதவின் பேடை மட்டும் கழற்றி, வடிகால் துளையில் செம்மண் அடைத்திருக்கிறதா, ஸ்பேசர் ஊறியிருக்கிறதா என்று பார்த்தால் மற்றதும் தெரிந்துவிடும். பேட்டரி மாற்றும்போது சில ஹெட் யூனிட்டுகள் தாமதம், ஈக்வலைசர், ஃபில்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டு பெட்டியில் ஆர்.சி. நகலோடு வைத்துவிடுங்கள்.